இடப்பக்கத்து மரத்தூள்

மரத்தூள் மூட்டைகள் இரண்டையும் என் புருஷன் ஒல்மேதோ, பள்ளிக்கூடத்து இரும்புக் கதவுக்கு வெளியிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். கதவிலிருந்து நாங்கள் உட்கார்ந்திருந்த வகுப்பறைக்கு இருபது அடி இருந்தால் அதிகம். அந்த இருபது அடியை அவன் நடக்கவில்லை. காவல்காரர் வந்து சொன்ன பிறகுதான் அவன் வந்து போனதே எனக்குத் தெரியும்.

"உன் புருஷன் தங்கமானவன்டி நார்சிசா," என்றாள் லஸ்தேனியா அக்கா. "அவன் மூட்டையக் கொண்டாந்து போட்டுட்டுப் போறான். என் வீட்டுக்காரன் என்னையே கொண்டாந்து போட்டுட்டுப் போனான், ஆஸ்பத்திரி வாசல்ல. இன்னும் திரும்பி வரல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சனிக்கிழமை மதியங்களில் நாங்கள் பன்னிரண்டு பெண்கள் அங்கே கூடுவோம். எல்லோருக்குமே புற்றுநோய் வந்து போயிருந்தது. சிகிச்சை முடிந்து, வீட்டில் விருந்து வைத்து, சொந்தக்காரர்கள் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுக் கிளம்பிப் போன பிறகு வரும் நாட்கள் இருக்கின்றனவே, அந்த நாட்களில் என்ன செய்வதென்று தெரியாதவர்கள் நாங்கள். ஆஸ்பத்திரி சொல்லி பியெதாத் டீச்சர் எங்களை வைத்துக்கொண்டு ஏதேதோ செய்வார். களிமண் பிசைந்தோம். கண்ணை மூடிக்கொண்டு ஆடினோம். ஒரு சனிக்கிழமை முழுக்க எங்கள் கைகளை மட்டும் வரைந்தோம்.

டிசம்பர் வந்ததும், "கிழவன் செய்வோமா?" என்று டீச்சர் கேட்டார்.

அதற்குப் பாடம் தேவையில்லை. டிசம்பர் பிறந்தால் எங்கள் ஊர் குவாயாகிலில் எந்த வீட்டிலும் பழைய சட்டை மிஞ்சாது. சட்டையிலும் கால்சட்டையிலும் மரத்தூளை அடைத்து, காகிதக்கூழ் முகமூடியைத் தைத்து, முப்பத்தொன்றாம் தேதி மதியம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்போம். அவன்தான் போகிற வருஷம். ராத்திரி பன்னிரண்டு மணி அடித்ததும் கொளுத்திவிடுவோம்.

"ஆனா ஒண்ணு," என்றார் டீச்சர். "கடையில விக்கிற மாதிரி ஏதோ ஒரு கிழவன் வேணாம். இந்த வருஷத்தோட உங்கள விட்டுப் போறது யாருன்னு யோசிங்க. அந்த ஆளைச் செய்யுங்க. உயில் எழுத மறக்காதீங்க."

உயில் இல்லாமல் கிழவன் கிடையாது. சாகப்போகிற வருஷம் யார் யாருக்கு எதை விட்டுப் போகிறது என்று கேலியாக எழுதி அதன் பையில் மடித்து வைப்போம். உயிலில் யாரும் யாரையும் எதையும் சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் தெருவில் வைத்துப் படிக்கும் நேரம் வரை அதைப் பிரிக்கக் கூடாது. எழுதியவர் தானே படிக்கவும் கூடாது. இன்னொருவர்தான் படிக்க வேண்டும்.

"நான் போனவனையே செய்யப் போறேன்," என்றாள் லஸ்தேனியா அக்கா. "கொளுத்த இத விட நல்ல சாக்கு கிடைக்காது."

நான் என் மஞ்சள் பூப்போட்ட வீட்டு உடுப்பை எடுத்து வந்திருந்தேன். முன்பக்கம் பொத்தான் வைத்தது. கையைத் தூக்க முடியாத மாதங்களில் அதையேதான் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டேன். அதில் மரத்தூளை அடைத்தேன். வலப்பக்க மார்பை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துப் பார்த்து நிரப்பினேன். இடப்பக்கத்தைத் தட்டையாக இழுத்துத் தைத்தேன்.

டீச்சர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "தூள் போதலையா?"

"போதும் டீச்சர். இவ்வளவுதான்."

அவர் ஒரு நொடி பார்த்தார். "சரி," என்றார். நூல் கட்டையை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

அன்று கிளம்பும்போது அவர் சொன்னார்: "இருபத்தெட்டாம் தேதி வீட்ல ஒருத்தரையாவது கூட்டிட்டு வாங்க. முகமூடிக்கு வர்ணம் பூசணும், உயில் எழுதணும். நாலு கை இருந்தா நல்லது. உங்களுக்கு வந்தது அவங்களுக்கும்தான் வந்துச்சு."

எனக்கு வந்தது ஒல்மேதோவுக்கும் வந்ததா என்று பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

அவனைப் பற்றிக் குறை சொன்னால் என் வாய் வெந்துவிடும். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வீட்டைக் கழுவினான், துணி துவைத்தான். கீமோ நாட்களில் எனக்கு எந்த வாசனையும் ஆகாது என்று வார்னிஷ் டப்பாக்களையெல்லாம் பக்கத்துத் தெருவுக்கு எடுத்துப்போய் வேலை செய்தான். இப்போதும் காலையில் வாழைக்காயைச் சுட்டு, பாலாடைக்கட்டி வைத்து உருண்டை பிடித்து, காப்பியோடு மேசையில் மூடி வைத்துவிட்டுத்தான் பட்டறைக்குப் போவான். எல்லாம் செய்வான். என்னைப் பார்க்க மட்டும் மாட்டான்.

அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று அலமாரிக் கதவில் இருந்த நிலைக்கண்ணாடியைக் காணோம். கீல் ஆடுகிறது, சரிபண்ணக் கழற்றினேன் என்றான். தச்சன் வீட்டில் ஒரு கீலைச் சரிபண்ணப் பத்து மாதம். முன்னறையில் ஊஞ்சல் வலையைக் கட்டிக்கொண்டு அதில் படுத்தான். தூக்கத்தில் உன் கையில் இடித்துவிடுவேன் என்றான். முதலில் அது கரிசனமாகத்தான் இருந்தது. கை சரியானது. முடி வளர்ந்தது. எல்லாம் முடிந்தது என்று அக்டோபரில் டாக்டர் சொன்னார். ஊஞ்சல் வலை அங்கேயே இருந்தது. நான் உடுப்பு மாற்றும்போது அவன் அறைக்குள் வந்துவிட்டால், "மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போவான். இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவன், பேருந்தில் கால் பட்டுவிட்ட அந்நியனைப் போல மன்னிப்புக் கேட்டான்.

எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு தடவை அவன் என்னைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, அதையாவது தெரிந்துகொள்வேன். பார்க்காமலே பத்து மாதம் ஒரு வீட்டில் இருப்பது தாங்க முடியவில்லை.

அன்று மாலை அவனுக்குப் பருப்பும் சோறும் போட்டுக்கொண்டே சொன்னேன். "அடுத்த சனிக்கிழமை வீட்டு ஆளுங்களும் வரணுமாம்."

"எந்தச் சனிக்கிழமை?"

"இருபத்தெட்டு."

"வருஷக் கடைசியாச்சே. ரெண்டு கட்டில், ஒரு அலமாரி பாக்கி கெடக்கு. புது வருஷத்துக்குள்ள குடுக்கலைன்னா அந்த மனுஷன் என்னையே கிழவனா உக்கார வெச்சுக் கொளுத்திருவான்."

"ஒரு மணி நேரம்தான் ஒல்மேதோ."

"பாக்குறேன், கிழவி," என்றான். கல்யாணமான புதிதில், எனக்கு இருபத்திரண்டு வயசிருக்கும்போதே அவன் என்னைக் கிழவி என்றுதான் கூப்பிடுவான். அது மட்டும் மாறவில்லை.

இருபத்தெட்டாம் தேதி அவன் வரவில்லை.

மற்ற பதினொரு பேருக்கும் யாரோ ஒருவர் வந்திருந்தார்கள். லஸ்தேனியா அக்காவின் தம்பி, பேருந்து ஓட்டுகிற ஆள், கதவளவு அகலம். தீக்குச்சி மாதிரி இருந்த சின்னத் தூரிகையைப் பிடித்துக்கொண்டு முகமூடிக்கு மீசை வரைந்தவன் திடீரென்று அழ ஆரம்பித்தான். கண்ணீர் சொட்டி மீசை கரைந்தது. "டேய், என் புருஷனுக்கு மீசைய எடுத்துட்டியே," என்று அக்கா அவன் முதுகில் அறைந்தாள். அறைந்த கையை அப்படியே அங்கே வைத்துக்கொண்டாள். இன்னொருத்திக்கு இரண்டு மகள்கள் வந்திருந்தார்கள். அம்மாவின் பொம்மைக்கு நகப்பூச்சு போட்டுக்கொண்டே, "அம்மா, நீ வாந்தி எடுக்கறப்ப நாங்க ரேடியோவ சத்தமா வெச்சோமே, அது பாட்டுக் கேக்க இல்ல," என்றாள் சின்னவள். அம்மா தெரியும் என்றாள். எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. டீச்சர் கொஞ்ச நேரம் அதில் வந்து உட்கார்ந்தார். யாரோ கூப்பிட்டதும் எழுந்து போனார்.

என் கிழவியின் முகத்துக்கு நானே வர்ணம் பூசினேன். உயிலையும் நானே எழுதினேன். மகளுக்கு, எதிர்வீட்டுக்காரிக்கு, மீன்காரனுக்கு என்று வேடிக்கை வேடிக்கையாக வந்தது. ஒல்மேதோவுக்கு என்று எழுதத் தொடங்கியதும் கை நின்றது. அந்த ஒரு வரியை நான்கு தடவை அடித்து எழுதினேன். மடித்து அவள் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன்.

அவளைப் பேருந்தில் கொண்டுவந்தேன். "பாட்டிக்கு யாரு டிக்கெட்?" என்றான் நடத்துநர்.

"மடியில வெச்சிருக்கேன்ல. கைக்குழந்தை மாதிரி."

"கைக்குழந்தைக்குக் காலைப் பாரு, ரெண்டு சீட் தாண்டுது," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து இருக்கை ஆளும் சிரித்துக்கொண்டே பொம்மையைத் திரும்பிப் பார்த்தார். அதன் மார்பில் அவர் கண் நின்றது. உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் திரும்புதல் எனக்குப் பழக்கமானதுதான்.

அன்று மாலை ஒல்மேதோ, "ஆர்டர் முடியலடி," என்று தரையைப் பார்த்துச் சொன்னான். நான் சமையலறை மூலையில் கிழவியை உட்கார வைத்தேன்.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் வருஷம் பிறக்கும்போது ஆளுக்குப் பன்னிரண்டாகச் சாப்பிடும் திராட்சையை வாங்கச் சந்தைக்குப் போனேன். கூட்டத்தில் திரும்பி வர மதியம் ஆகிவிட்டது. கதவைத் திறந்தபோது ஒல்மேதோ சமையலறையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். அவன் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"தூள் குறைஞ்சு போச்சு போல. நானே சலிச்சு நைஸாப் போட்டுத் தச்சுட்டேன். பாரு, எது நீ தச்சது, எது நான் தச்சதுன்னே தெரியாது."

கிழவிக்கு இரண்டு மார்பும் இருந்தன. சோபாவுக்குப் போடுகிற மெழுகு நூலால் பொடித் தையல் போட்டிருந்தான். இரண்டும் ஒரே அளவு, ஒரே உருட்சி. கையால் தடவிப் பார்த்துச் சரிசெய்யாமல் அப்படி வராது.

நான் பையைக் கீழே வைத்தேன். "ரெண்டு மூட்டை கொண்டாந்து போட்ட. எப்படிக் குறையும்?"

அவன் அறுந்த நூல் முனையை விரலில் சுற்றினான்.

"அது நான்தான் ஒல்மேதோ."

"தெரியும்."

"தெரிஞ்சேவா செஞ்ச?"

"தெருவுல வெக்கப் போற. மீன்காரன் கொலோன் வருவான், அவன் கூட நாலு தடியனுங்க வருவானுங்க. குடிச்சிருப்பானுங்க. ஏதாவது சொல்லிட்டானுங்கன்னா?"

"அவனுங்க சொல்றத நான் பாத்துக்குறேன். நீ என்ன சொல்ற?"

"நான் என்ன சொல்ல?"

"பத்து மாசமாச்சு. ஒரு தடவ பாத்தியா நீ? இந்தப் பொம்மைய தடவிப் பாத்து அளவெடுத்திருக்க. மரத்தூளுக்குக் கிடைச்சது எனக்குக் கிடைக்கல."

என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. பொம்மையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று தெரிந்தது. அவன் எழுந்து நின்றான். ஊசி இன்னும் கையில் இருந்தது.

"அன்னிக்கு நர்ஸ் கூப்பிட்டாங்க," என்றான். "டியூப்ல வர்ற நீர எப்படி எடுத்துக் கொட்டணும், கட்ட எப்படி மாத்தணும்னு வீட்டுக்காரருக்குச் சொல்லித் தரணும், உள்ள வாங்கன்னாங்க. நான் போகல. படியிறங்கி ஓடிட்டேன். மூணு தெரு தாண்டித்தான் நின்னேன். கரும்புச்சாறு விக்கிற வண்டிகிட்ட."

எனக்குத் தெரியும். பக்கத்துப் படுக்கைக்காரியின் மகள்தான் அன்று கற்றுக்கொண்டு எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். வீட்டில் நானே செய்துகொண்டேன்.

"திரும்பி வந்தப்ப நீ என்கிட்ட ஒண்ணுமே கேக்கல," என்றான். "அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன்கிட்ட வர்றது?"

"இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத்தான்."

"சொல்றது சுலபம்."

"உனக்குச் சுலபம் இல்லன்னா எனக்கு மட்டும் சுலபமா?"

நான் கத்தரிக்கோலை எடுத்து அவன் தையலை வெட்டினேன். மெழுகு நூல் சுலபத்தில் அறுபடவில்லை. கடைசியில் பிளந்தது. சலித்த தூள் மாவு போல வழிந்து தரையில் கொட்டியது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பின்கதவு வழியாகப் பட்டறைக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது. அறுக்கும்போது மரத்தில் ரம்பம் திணறும். அந்தச் சத்தம் வரவில்லை. வெறும் ரம்பம் சுற்றிக்கொண்டே இருந்தது.

இந்த முறையும் ஓடிவிட்டான் என்று நினைத்தேன்.

இடப்பக்கத்தை மறுபடி தட்டையாகத் தைத்தேன். நாற்காலியை ஒரு கையிலும் கிழவியை ஒரு கையிலும் இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவளை உட்கார வைத்து, பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு நானும் உட்கார்ந்தேன். தெரு முழுக்க வீட்டுக்கு ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். எங்கோ வெடி வெடித்தது. முதல் மழையோடு வரும் வெட்டுக்கிளிகள் சுவரோரம் செத்துக் கிடந்தன, வெயிலில் அவற்றின் வாடை அடித்தது. போகிறவர்கள் எல்லா வாசலிலும் நின்று கிழவனைக் கிண்டல் செய்துவிட்டு வந்தார்கள். எங்கள் வாசலுக்கு வந்ததும் நடை வேகமானது. எதிர்வீட்டில் இருக்கும் இத்தாலியா என்ற அம்மா அங்கிருந்தே, "அழகா இருக்குடி நார்சிசா!" என்று கத்தினாள். கத்தும்போது எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு விதவைகள் வந்தார்கள். வருஷம் சாகிறதென்றால் அதன் பெண்டாட்டி தெருவில் விழுந்து அழ வேண்டாமா? ஆண்கள் கறுப்பு உடுப்புப் போட்டு, உதட்டுச் சாயம் பூசி, மார்பில் பலூன் செருகிக்கொண்டு வருவார்கள். ஒப்பாரி வைப்பார்கள், காசு கேட்பார்கள், வாசல் வாசலாக உயில் படிப்பார்கள். போன வருஷம் வரை எங்கள் தெருவின் பெரிய விதவை ஒல்மேதோதான். என்னுடைய கறுப்பு உடுப்பைத்தான் போட்டுக்கொள்வான். இந்த வருஷம் அந்த வேலை மீன்காரன் கொலோனுக்குப் போயிருந்தது. ஆறடி உயரம், மனைவியின் கறுப்பு லேஸ் முக்காடு, இரண்டு சிவப்புப் பலூன்கள்.

"ஐயோ என் ராசா! என் கிழவா! இந்த வயசுல என்னத் தவிக்க விட்டுப் போறியே!" என்று மார்பில் அடித்துக்கொண்டே எங்கள் வாசலில் வந்து விழுந்தான். நிமிர்ந்து கிழவியைப் பார்த்தான்.

அவன் குரல் நின்றது. முகம் கறுத்துச் சிவந்தது. சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, உடுப்புக்குள் கைவிட்டுப் பலூன்களைப் பிடுங்கினான். அவசரத்தில் ஒன்று வெடித்தது.

"மன்னிச்சுக்க நார்சிசா. நான் யோசிக்கல."

"எதுக்குடா எடுக்குற?" என்றேன். "போன வருஷம் என் வீட்டுக்காரன் உன்னைவிடப் பெருசா வெச்சிருந்தான். அழுறத அரைகுறையா நிறுத்தாத. உயில எடுத்துப் படி."

"நானா? நான் கண்ணாடி கொண்டு வரலையே."

கொலோன் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. பின்னால் நின்ற விதவையைப் பார்த்தேன். "எனக்குத் தொண்டை கட்டிருச்சு," என்றான் அவன். அதற்கடுத்தவன் செருப்பு வாரை மாட்டக் குனிந்தான். யாரும் கெட்டவர்கள் இல்லை. கொலோன் கீமோ நாட்களில் தினமும் மீன் தலை அனுப்பி வைத்தவன். எல்லோருக்கும் என் மேல் அவ்வளவு இரக்கம். அந்த இரக்கத்தில் ஒருவருக்கும் என் பக்கத்தில் வந்து நிற்க முடியவில்லை. உயில் படிக்காமல் கொளுத்தினால் அந்த வருஷம் போகாது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். நானே எழுந்து படித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். சொந்த உயிலைத் தானே படிக்கிறவளைவிடத் தனியானவள் யார் இருக்க முடியும்?

அப்போதுதான் ரம்பத்தின் சத்தம் நின்றிருப்பது உறைத்தது.

ஒல்மேதோ வீட்டுக்குள்ளிருந்து வந்தான். தலைமுடியெல்லாம் தூள். யாரையும் பார்க்காமல் நேராகக் கொலோனிடம் போய், "முக்காட்டக் குடு," என்றான். அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். கிழவியின் முன்னால் குனிந்து பைப் பொத்தானைக் கழற்றி உயிலை எடுத்தான். தொண்டையைச் செருமினான்.

"ஐயோ... என் கிழவி போறாளே..." என்று இழுத்தான். முதல் இழுப்பில் குரல் உடைந்தது. "இன்னும் சத்தமா!" என்று யாரோ கத்தினார்கள். இரண்டாவது தடவை தெருக்கோடி வரை கேட்டது. ஆட்கள் கூட ஆரம்பித்தார்கள்.

"கீட்டோவுல இருக்குற என் மக கெர்லிக்கு, எனக்கு முடி இல்லாதப்ப நாலு பேரு பின்னிக் குடுத்த கம்பளித் தொப்பி எட்டையும் விட்டுப் போறேன். அங்கதான் குளிரு. இங்க அதப் போட்டு நான் வெந்தே செத்திருப்பேன்."

சிரிப்பு.

"எதிர்வீட்டு இத்தாலியாவுக்கு, அவ எனக்குக் குடுத்த கசாயம் பதினோரு புட்டியையும் அப்படியே திருப்பிக் குடுக்குறேன். மூடி திறக்கல. நூறு வயசு வரைக்கும் அவளே குடிக்கட்டும்."

"அடிப்பாவி! குடிச்சேன் குடிச்சேன்னு சொன்னியேடி!" என்று இத்தாலியா அம்மா தெருவைத் தாண்டி ஓடி வந்தாள். இப்போது நேராக என்னைப் பார்த்தாள்.

"கொலோனுக்கு, கீமோ போட்டப்ப எனக்கிருந்த மூக்க விட்டுப் போறேன். மூணு தெரு தள்ளி நின்னாலும் அவன் மீனு வாடை அடிக்கும். ஒரு நாள் அவனும் மோந்து பாக்கட்டும்."

கொலோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒல்மேதோவும் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனான்.

"என் புருஷன் ஒல்மேதோவுக்கு..."

சிரிப்பு அவன் முகத்திலேயே நின்றது. கண் வரியில் ஓடியது, திரும்பி வந்தது, மறுபடி ஓடியது. நான் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவன் இப்போது காகிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம். முக்காட்டைக் கொலோனிடம் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போயிருக்கலாம்.

"என் புருஷன் ஒல்மேதோவுக்கு," என்று மறுபடி தொடங்கினான். ஒப்பாரிக் குரலில்லை, அவனுடைய சொந்தக் குரல். "ஒண்ணும் விட்டுப் போகல. பாதிய டாக்டரு எடுத்துக்கிட்டாரு. மீதி இருக்குறத, அவனா வந்து பாத்துக் கேட்டா குடுப்பேன்."

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. இத்தாலியா அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒல்மேதோ காகிதத்தை நாலாக மடித்துக் கிழவியின் பையில் வைத்துப் பொத்தானை மாட்டினான். முக்காட்டைக் கழற்றிக் கொலோனின் தோளில் போட்டான்.

"நீ போ," என்றான் அவனிடம். "அடுத்த வீட்ல அழு."

வீட்டுக்குள் போனான். நானும் எழுந்து போனேன்.

படுக்கையறையில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். மேற்கு ஜன்னலில் வெயில் சாய்ந்து கட்டில் மேல் விழுந்திருந்தது.

"கேக்கணும்னு எழுதியிருக்க," என்றான்.

"ம்."

"கேக்குறேன்."

இதற்காகத்தான் பத்து மாதம் காத்திருந்தேன். ஆனால் பொத்தானில் கை வைத்ததும் எனக்கே ஓடிவிடலாம் போல இருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றினேன். உடுப்பைத் தோளிலிருந்து இறக்கினேன். அவன் கட்டிலின் தலைமாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டான். அவன் செய்த கட்டில் அது. பிடித்த கையில் நரம்பு புடைத்தது. ஆனால் கண்ணை எடுக்கவில்லை. தழும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தான்.

"இவ்வளவு நீளமா இருக்கும்னு நெனைக்கல."

"அக்குள் வரைக்கும் போகுது."

"வலிக்குதா?"

"இல்ல. அங்க வலி, கிலி ஒண்ணுமே இல்ல. நரம்ப எடுத்துட்டாங்க. தொட்டாக்கூட எனக்குத் தெரியாது."

"ஒண்ணுமேவா?"

"சோப்புப் போடுறப்ப இன்னொருத்தர் உடம்புக்குப் போடுற மாதிரி இருக்கும்."

இதை நான் டாக்டரிடம்கூட இப்படிச் சொன்னதில்லை. சொல்லிவிட்டுப் பார்த்தால் அவன் கண் கலங்கியிருந்தது. கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தான். மர வேலையில் காய்த்துப்போன கை. தழும்பின் நடுவில் வைத்தான். வைத்தான் என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். என் மேல் அவன் கை இருந்தது, எனக்கு அது வந்து சேரவில்லை. அவ்வளவு பக்கத்தில் அவன் நிற்கும்போதும் நான் எங்கோ தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தூரம் இனி எப்போதும் இருக்கும் என்று புரிந்தது. அதைப் பற்றி அவன் மேல் கோபம் வரவில்லை.

அவன் கையை ஒரு விரற்கடை மேலே நகர்த்தினான்.

"இப்ப?"

"இல்ல."

வெளியே கொலோன் அடுத்த வாசலில் அழத் தொடங்கியிருந்தான்.

"இப்ப?"

"தெரியல."

அவன் அவசரப்படவில்லை. இன்னும் ஒரு விரற்கடை. அப்புறம் ஒன்று. தோள் எலும்புக்குக் கீழே வந்து நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"இங்க?"

கொஞ்சம் சொரசொரப்பு. கொஞ்சம் சூடு.

"அங்க," என்றேன். "அங்கேருந்து தெரியுது."